கறுப்புத் திரையில் கான்ஃபிக் கோப்பைத் திருத்துவது: சர்வருக்குப் புதியவர்களுக்கு

சர்வருக்குள் நுழைந்துவிட்டீர்கள். மெனு கிடையாது, பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. "கான்ஃபிக்கில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வரியை மாற்றுவது பெரிய வித்தையில்லைதான். ஆனால் அந்த ஒரு வரி தப்பானால் இணையதளம் படுத்துவிடும்; சில நேரம் நீங்களே சர்வருக்குள் திரும்ப நுழைய முடியாமல் போய்விடும். அதனால் எடிட்டரில் எந்த விசை எதற்கு என்பதோடு நிறுத்தாமல், திருத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என்னைக் கேட்டால் எடிட்டர் கால் பங்கு வேலை. மீதி எல்லாம் அந்த முன்னும் பின்னும்தான்.

ஒரு சின்ன ஏற்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்வதுபோலக் கட்டளைகளை ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். 'சிபி' என்றால் சி, பி என்று இரண்டு எழுத்து. 'சூடோ' என்றால் எஸ், யூ, டி, ஓ; அதை முன்னால் போட்டால் கட்டளை ரூட் எனும் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து. பேரெழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லினக்ஸுக்குச் சிறியதும் பெரியதும் வேறு வேறு.

முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள்

லினக்ஸ் சர்வரில் கான்ஃபிக் எனும் அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் /இடிசி ('எட்செட்ரா' என்பதன் சுருக்கம்) என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். இணையதளத்தை வழங்கும் நிரல் என்ஜின்எக்ஸ் என்றால் /இடிசி/என்ஜின்எக்ஸ். அதே வேலை செய்யும் அப்பாச்சி என்றால் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் /இடிசி/அப்பாச்சி2, ரெட் ஹேட் குடும்பத்தில் /இடிசி/ஹெச்டிடிபிடி. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வருக்கு /இடிசி/எஸ்எஸ்ஹெச் உள்ளே எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக். அதே இடத்தில் 'டி' இல்லாமல் எஸ்எஸ்ஹெச்_கான்ஃபிக் என்று இன்னொன்றும் இருக்கும். அது இந்த சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கானது. அதைத் திருத்திவிட்டு "எதுவுமே மாறவில்லையே" என்று விழிப்பவர்கள் நிறையப் பேர்.

பாதையை முழுதாகத் தட்டாதீர்கள். நாலு எழுத்து தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) நிரப்பும். நிரப்பவில்லை என்றால் ஒன்று எழுத்துப் பிழை, இல்லையென்றால் அதே எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. இது சோம்பேறித்தனம் இல்லை, பாதுகாப்பு.

கோப்பை எடிட்டரில் திறக்கும் முன் 'லெஸ்' கட்டளையில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

லெஸ் /இடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்

ஸ்பேஸ்பாரில் கீழே போகலாம், சாய்கோட்டைத் தட்டி ஒரு சொல்லைத் தேடலாம், 'கியூ' தட்டினால் வெளியே வரலாம். இதில் எதையும் தவறுதலாக மாற்றிவிட முடியாது என்பதுதான் இதன் அருமை. பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கோப்பின் தலைப்பகுதி. "இது தானாக உருவாகும் கோப்பு, கையால் திருத்தாதே" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அப்படியே மூடிவிடுங்கள். தளப் பெயர்களை முகவரி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்புக்கான /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் இதற்கு நல்ல உதாரணம். பல சர்வர்களில் அதை சிஸ்டம்டி-ரிசால்வ்டி கவனித்துக்கொள்கிறது. நீங்கள் எழுதியது கொஞ்ச நேரத்திலோ அடுத்த ரீபூட்டிலோ காணாமல் போகும்.

இரண்டாவது, ஹேஷ் குறியில் தொடங்கும் வரிகள். அவை குறிப்புகள், நிரல் அவற்றைப் படிக்காது. எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் ஹேஷ் போட்டுக் கிடக்கும் அமைப்புகள் பெரும்பாலும் இயல்புநிலை மதிப்புகளைக் காட்டுகின்றன. அந்த வரியில் மதிப்பை மாற்றிவிட்டு முன்னால் இருக்கும் ஹேஷை எடுக்காமல் விட்டால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவதுதான் முக்கியம்: 'இன்க்ளூட்' என்ற வரி. இப்போதெல்லாம் ஒரே கோப்பில் எல்லாமும் இருப்பதில்லை. பெயர் '.டி' என்று முடியும் ஒரு ஃபோல்டரை வைத்து, அதில் இருக்கும் சின்னச் சின்னக் கோப்புகளையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். உபுண்டுவின் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் இந்த இன்க்ளூட் வரி மேலேயே இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சின் விதி என்னவென்றால், ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால் முதலில் படித்த மதிப்புதான் செல்லும். ஆக, கிளவுட் சர்வரில் அந்த ஃபோல்டருக்குள் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பு கடவுச்சொல் நுழைவை அனுமதித்திருந்தால், பிரதான கோப்பில் நீங்கள் எத்தனை முறை 'நோ' என்று எழுதினாலும் எடுபடாது. எந்தக் கோப்பில் அந்தச் சொல் இருக்கிறது என்று தேட 'கிரெப்' போதும்:

சூடோ கிரெப் -ஆர்என்ஐ பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன் /இடிசி/எஸ்எஸ்ஹெச்

'ஆர்' உள்ஃபோல்டர்களிலும் தேடும், 'என்' வரி எண்ணைக் காட்டும், 'ஐ' போட்டால் சிறிய பெரிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. திருத்த வேண்டிய கோப்பும் வரி எண்ணும் ஒரே அடியில் கையில் வந்துவிடும்.

நகல் எடுங்கள், ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள்

சூடோ சிபி -பி என்ஜின்எக்ஸ்.கான்ஃப் என்ஜின்எக்ஸ்.கான்ஃப்.பழையது

கோப்புப் பெயரில் 'பழையது' என்ற இடத்தில் தேதியைப் போடுவது நல்ல வழக்கம். '-பி' ('ப்ரிசர்வ்' என்பதன் முதல் எழுத்து) போட்டால் உரிமையாளர், அனுமதி, நேரம் எல்லாம் அப்படியே நகலுக்கும் வரும். இதை விட்டுவிட்டால் பிறகு திரும்ப வைக்கும்போது அனுமதிகள் மாறிப்போய் வேறொரு தலைவலி தொடங்கும்.

நகலை அதே ஃபோல்டரில் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. டெபியன், உபுண்டு என்ஜின்எக்ஸில் 'சைட்ஸ்-எனேபிள்டு' என்ற ஃபோல்டரில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும், பெயர் எப்படி முடிந்தாலும், உள்ளே இழுக்கும். அங்கே நகலை வைத்தால் அதுவும் ஓர் உயிருள்ள அமைப்பாகிவிடும். ஒரே தளத்துக்கு இரண்டு வரையறை வந்து, பழையதா புதியதா எது வேலை செய்கிறது என்றே தெரியாது. பக்கத்திலிருக்கும் 'கான்ஃப்.டி' ஃபோல்டர் அப்படியில்லை, '.கான்ஃப்' என்று முடிவதை மட்டும்தான் எடுக்கும். இதையெல்லாம் நினைவில் வைப்பதைவிட, நகல்களை /ரூட் ஃபோல்டருக்குள் தனியாக ஓர் இடம் ஒதுக்கிப் போட்டுவிடுவது நிம்மதி.

அடிக்கடி திருத்துபவர் என்றால் 'இடிசிகீப்பர்' என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். /இடிசி முழுவதையும் 'கிட்' என்ற பதிப்புக் காப்புக் கருவியில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்துத் தரும்.

எந்த எடிட்டர்?

இதில் ஆளுக்கொரு கட்சி. என் கட்சி எளிமையானது: நானோவில் தொடங்குங்கள், ஆனால் விஐயில் பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு ஐந்தாறு விசைகளையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. விஐயை பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லியில் எழுதினார். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் ஏதாவது ஒரு வடிவில் அது இருக்கும். 1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் அதன் வளர்ந்த வடிவம். நானோ 1999இல் தொடங்கிய திட்டம். பைன் என்ற மின்னஞ்சல் நிரலோடு வந்த பிகோ எடிட்டருக்கு மாற்றாகப் பிறந்தது. பழகுவதற்கு நானோவைப்போல சுலபமானது இல்லை. ஆனால் குறைந்தபட்ச நிறுவல் செய்த சர்வரில் அது இல்லாமல் போகலாம். சர்வர் பழுதாகி மீட்புநிலையில் திறக்கும் நேரத்தில்தான் "நானோ இல்லை" என்று திரை சொல்லும். அப்போது விஐ கற்றுக்கொள்ள உட்கார முடியாது.

சூடோ போட்டுத் திறப்பது

/இடிசி கோப்புகள் ரூட் பயனருக்குச் சொந்தமானவை. சும்மா திறந்தால் படிக்கலாம், சேமிக்க முடியாது. நானோ கீழே சிவப்பில் 'எழுத முடியாத கோப்பு' என்று எச்சரிக்கும். கவனிக்காமல் அரைமணி நேரம் திருத்திவிட்டுச் சேமிக்கப் போனால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். அதனால் தொடக்கத்திலேயே:

சூடோ நானோ /இடிசி/என்ஜின்எக்ஸ்/என்ஜின்எக்ஸ்.கான்ஃப்

இதைவிட ஒழுங்கான வழி 'சூடோஎடிட்'. அது கோப்பின் தற்காலிக நகலை எடுத்து, உங்கள் சொந்தக் கணக்கிலேயே எடிட்டரைத் திறக்கும். சேமித்து மூடியதும் மாற்றத்தை உண்மையான கோப்பில் எழுதும். எடிட்டர் ரூட் அதிகாரத்தோடு ஓடாது என்பது ஒரு லாபம். உங்கள் எடிட்டர் அமைப்புகள் அப்படியே கிடைக்கும் என்பது இன்னொன்று. டெபியன், உபுண்டுவில் எந்த எடிட்டர் திறக்க வேண்டும் என்பதை 'சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கான்ஃபிக் எடிட்டர்' கட்டளையில் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு கோப்பை மட்டும் எந்த எடிட்டரிலும் நேரடியாகத் திறக்கவே கூடாது: /இடிசி/சூடோயர்ஸ். யாருக்கு சூடோ அதிகாரம் என்று சொல்லும் கோப்பு அது. அதில் பிழை விழுந்தால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், சூடோ இல்லாமல் அதைத் திருத்தவும் முடியாது. அதற்கென்றே 'விசூடோ' இருக்கிறது. சேமிக்கும்போது இலக்கணம் சரிதானா என்று அது பார்க்கும், பிழை இருந்தால் "இப்போது என்ன?" என்று கேட்கும். சிறிய 'இ' தட்டினால் திரும்பத் திருத்தலாம், சிறிய 'எக்ஸ்' தட்டினால் மாற்றம் வேண்டாம் என்று வெளியேறலாம். பெரிய 'கியூ' பிழையோடே சேமித்துவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நானோவில் ஒரு முழுத் திருத்தம்

உதாரணத்துக்கு அடிக்கடி வரும் ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். தளத்தில் யாரோ பெரிய கோப்பு ஒன்றை ஏற்றப் பார்க்கிறார்கள், 413 என்ற பிழை வருகிறது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 மெகாபைட்டுக்கு மேல் வாங்காது. 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' என்ற அமைப்பை 20எம் என்று வைக்க வேண்டும்.

கோப்பைத் திறந்ததும் மேலே பெயர் சரியா என்று பாருங்கள். திரை காலியாக இருந்து கீழே 'புதிய கோப்பு' என்று ஆங்கிலத்தில் வந்தால் பாதையில் எழுத்து தப்பிவிட்டது. எதுவும் தட்டாமல் கன்ட்ரோல்-எக்ஸ் கொடுத்து வெளியே வாருங்கள்.

கீழே இரண்டு வரியில் குறுக்குவிசைகள் தெரியும். கூரைக் குறி இருந்தால் கன்ட்ரோல், 'எம்' எழுத்தும் சிறுகோடும் இருந்தால் ஆல்ட் என்று படியுங்கள். கன்ட்ரோல்-டபிள்யூ தேடும். 'பாடி_சைஸ்' என்று தட்டி என்டர் கொடுங்கள், ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். அதே அமைப்பை ஒரே தொகுதிக்குள் இரண்டு முறை எழுதினால் என்ஜின்எக்ஸ் ஏற்காது. இல்லை என்றால், 'ஹெச்டிடிபி' என்று தொடங்கும் நெளிவு அடைப்புக்குறிக்குக் கீழே அம்புவிசையில் போய், புது வரியில் எழுதுங்கள்:

கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 20எம்;

கடைசி அரைப்புள்ளி அலங்காரத்துக்கு இல்லை. என்ஜின்எக்ஸுக்கு ஒரு கட்டளை முடிந்தது என்று தெரிவது அதை வைத்துத்தான். வரி முடிந்ததை அது பொருட்படுத்தாது.

தப்பாக எதையாவது அழித்துவிட்டால் ஆல்ட்-யூ. கன்ட்ரோல்-கே ஒரு வரியை முழுதாக வெட்டும், கன்ட்ரோல்-யூ அதைக் கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டும். இன்ன வரிக்குப் போக வேண்டும் என்றால் கன்ட்ரோலுடன் கீழ்க்கோடு, பிறகு எண். திறக்கும்போதே '-எல்' சேர்த்தால் வரி எண்கள் ஓரத்தில் தெரியும்.

சேமிக்க கன்ட்ரோல்-ஓ. உடனே சேமிக்காது, கோப்பின் பெயரைக் காட்டி நிற்கும். அந்த இடத்தில் எதையும் தட்டாமல் என்டர் மட்டும் கொடுங்கள். புதியவர்கள் அங்கே 'ஒய்' என்று தட்டிவிடுவார்கள், பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு புதிய கோப்பாகப் போய்விடும். எத்தனை வரி எழுதப்பட்டது என்று கீழே வந்ததும் கன்ட்ரோல்-எக்ஸ். அவ்வளவுதான் நானோ.

விஐயில் பிழைப்பது

விஐயின் குழப்பம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது: திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழாது. விசைகள் எல்லாம் கட்டளைகளாக இருக்கும் நிலை அது. 'ஐ' தட்டினால் எழுதும் நிலைக்குப் போகும். விம் என்றால் கீழே 'இன்சர்ட்' என்று காட்டும். எழுதி முடித்து எஸ்கேப் அழுத்தினால் மறுபடி கட்டளை நிலை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்துங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

கட்டளை நிலையில் முக்காற்புள்ளி தட்டினால் கர்சர் கீழே குதிக்கும். அங்கே 'டபிள்யூகியூ' என்று தட்டி என்டர் கொடுத்தால் சேமித்து வெளியேறும். எதையோ குழப்பிவிட்டோம், ஒன்றும் வேண்டாம், ஆளை விடு என்றால் 'கியூ!' என்று ஆச்சரியக்குறியோடு. விஐயில் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

மற்றவை: சிறிய 'யூ' செய்ததைத் திரும்பப் பெறும். 'டிடி' ('டெலீட்'டின் முதல் எழுத்து இரண்டு முறை) வரியை வெட்டும், 'பி' ('பேஸ்ட்'டின் முதல் எழுத்து) கீழே ஒட்டும். சாய்கோடு தேடும், 'என்' அடுத்த இடத்துக்குப் போகும். முக்காற்புள்ளியோடு 42 என்று தட்டினால் 42ஆம் வரி. முக்காற்புள்ளியோடு 'செட் நம்பர்' தட்டினால் வரி எண் காட்டும். இதற்கு மேல் ஆசை வந்தால் ஷெல்லில் 'விம்டியூட்டர்' என்று தட்டுங்கள். விம்மோடு வரும் பயிற்சி அது, அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இரண்டு வினோதங்களைச் சொல்லிவைக்கிறேன். கீழே 'ரெக்கார்டிங்' என்று வந்து நின்றால் கட்டளை நிலையில் 'கியூ'வைத் தட்டியிருக்கிறீர்கள். விம் உங்கள் விசைகளைப் பதிவுசெய்துகொண்டிருக்கிறது. மறுபடி ஒரு 'கியூ' தட்டினால் நிற்கும். இன்னொன்று, எழுதும் நிலையில் அம்புவிசையை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழுவது. டெபியனில் இயல்பாக வரும் சிறிய விம் பதிப்பில் இது நடக்கும். எஸ்கேப் அழுத்திவிட்டு நகர்ந்து, பிறகு 'ஐ' தட்டி எழுதினால் பிரச்சினை இல்லை. முழு விம்மை நிறுவிக்கொண்டால் இன்னும் நல்லது.

சூடோ போட மறந்து விம்மில் திறந்துவிட்டால், படிக்க மட்டுமேயான கோப்பை மாற்றுகிறீர்கள் என்று முதல் திருத்தத்திலேயே எச்சரிக்கும். அப்போதே 'கியூ!' கொடுத்து வெளியே வந்து சூடோவோடு திறப்பதுதான் சுத்தம்.

சேமித்தாகிவிட்டது, இன்னும் முடியவில்லை

கோப்பைச் சேமித்ததும் மாற்றம் நடந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான சர்வர் நிரல்கள் தொடங்கும்போது கான்ஃபிக்கை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்கின்றன; நீங்கள் சொல்லும்வரை திரும்பப் படிக்காது. சொல்லும் முன் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, நகலோடு ஒப்பிடுவது.

டிஃப் -யூ பழையது புதியது

கழித்தல் குறி போட்ட வரிகள் போனவை, கூட்டல் குறி போட்டவை வந்தவை. நீங்கள் மாற்ற நினைத்தது ஒரு வரி, டிஃப் மூன்று வரி காட்டுகிறது என்றால் கை எங்கோ பட்டிருக்கிறது. இந்தக் கட்டளைக்கு ஆகும் பத்து நொடியை நான் எந்த அவசரத்திலும் விடுவதில்லை.

இரண்டு, நிரலிடமே கேட்பது. என்ஜின்எக்ஸுக்கு 'சூடோ என்ஜின்எக்ஸ் -டி' (இங்கே '-டி' எல்லாம் 'டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து). அப்பாச்சிக்கு 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்'. எஸ்எஸ்ஹெச்சுக்கு 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டி'. எல்லாம் சரி என்றால் இது வாயே திறக்காது, பதில் வராததுதான் நல்ல செய்தி. டிஸ்க்குகளை இணைக்கும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்புக்கு 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை'. அந்தக் கோப்பில் விழும் பிழை அன்றைக்குத் தெரியாமல், மாதங்கள் கழித்து ரீபூட் செய்யும்போது சர்வரை அவசரநிலையில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

சோதனை பிழை காட்டினால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்தே வரும். அரைப்புள்ளி விட்டுப்போன பிழையில் என்ஜின்எக்ஸ் காட்டும் எண் பெரும்பாலும் உங்கள் வரிக்கு அடுத்த வரியாக இருக்கும், ஏனென்றால் அங்கே போன பிறகுதான் அதற்கு ஏதோ தப்பு என்று புரிகிறது. சொன்ன வரியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மேலே ஒரு வரி பாருங்கள்.

சோதனை தேறினால்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்

ரீலோட், ரீஸ்டார்ட் இரண்டும் ஒன்றில்லை. ரீலோட் கொடுத்தால் என்ஜின்எக்ஸ் புதிய அமைப்பைப் படிக்க முயலும். அதில் பிழை இருந்தால் பழையதோடே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் முதலில் நிறுத்தும், பிறகு தொடங்கப் பார்க்கும். கான்ஃபிக் தப்பாக இருந்தால் நின்றது நின்றதுதான். ரீலோட் வசதி இருக்கும் நிரலுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம் 'ஜர்னல்சிடிஎல் -யூ என்ஜின்எக்ஸ் -என் 30' கொடுத்துக் கடைசி முப்பது வரியைப் பாருங்கள். தளத்தையும் திறந்து, அந்தப் பெரிய கோப்பை ஏற்றிப் பாருங்கள். 413 போய்விட்டதா? சரி, வேலை முடிந்தது.

எஸ்எஸ்ஹெச் கோப்பு என்றால் தனிக் கவனம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையே அதுதான். மாற்றம் செய்யும்போது ஓர் இணைப்பில் வேலை செய்யுங்கள், இன்னொரு டெர்மினலில் இரண்டாவது இணைப்பைத் திறந்து சும்மா வைத்திருங்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கனவே இருக்கும் இணைப்புகள் அறுபடாது. எனவே பழையவற்றை மூடாமல், மூன்றாவதாகப் புதிதாக ஒருமுறை நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் மட்டும் மற்றவற்றை மூடுங்கள்.

சர்வீஸின் பெயர் டெபியன், உபுண்டுவில் 'எஸ்எஸ்ஹெச்', ரெட் ஹேட் குடும்பத்தில் 'எஸ்எஸ்ஹெச்டி'. கடவுச்சொல் நுழைவை அடைப்பதென்றால், சாவி வைத்து நுழைவது வேலை செய்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். போர்ட்டை மாற்றுவதென்றால் ஃபயர்வாலில் புது போர்ட்டைத் திறந்துவிட்டு வாருங்கள். உபுண்டு 24.04இல் போர்ட்டைக் கவனிப்பது சாக்கெட் என்பதால், 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுத்து 'எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்'டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

புதிய வரியைக் கோப்பின் கடைசியில் ஒட்டும் பழக்கம் இங்கே ஆகாது. கடைசியில் 'மேட்ச்' என்று தொடங்கும் தொகுதி இருந்தால், அதற்குக் கீழே எழுதுவது எல்லாம் அந்தப் பயனருக்கோ குழுவுக்கோ மட்டும் பொருந்தும். உண்மையில் எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்று பார்க்க 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி' என்று தட்டி, கழித்தல் குறியோடு பெரிய 'டி' ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) போடுங்கள். எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்த பிறகு மிஞ்சும் மதிப்புகளை வரிசையாகக் காட்டும்.

திரை உறைந்தது, கோப்பு பூட்டியிருக்கிறது, இன்ன பிற

பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் பல டெர்மினல்களில் திரை அப்படியே உறைந்துவிடும். தொங்கவில்லை; வெளியீட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். கன்ட்ரோல்-கியூ கொடுத்தால் உயிர் வரும். புதிய நானோவில் மட்டும் கன்ட்ரோல்-எஸ் உண்மையிலேயே சேமிக்கும்.

விம்மில் கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் எடிட்டர் மறைந்து ஷெல் வந்து நிற்கும். எடிட்டர் மூடவில்லை, பின்னால் தூங்குகிறது. 'எஃப்ஜி' என்று தட்டுங்கள், விட்ட இடத்துக்கே வரும்.

விம்மில் திறக்கும்போது ஸ்வாப் கோப்பு இருக்கிறது என்று நீளமாக ஒரு எச்சரிக்கை வந்தால், ஒன்று வேறு யாரோ இப்போது அதே கோப்பைத் திறந்திருக்கிறார்கள், இல்லையென்றால் முன்பு இணைப்பு அறுந்து பாதியில் நின்ற திருத்தம் அது. முதல் வகை என்றால் 'கியூ' தட்டி விலகிக்கொண்டு, அந்த ஆளிடம் பேசுங்கள். இரண்டாவது என்றால் 'ஆர்' தட்டி மீட்கலாம். இணைப்பு அடிக்கடி அறுந்தால், சர்வருக்குள் நுழைந்ததும் 'டிமக்ஸ்' ஓட்டி அதற்குள் வேலை செய்யுங்கள். அறுந்தாலும் திரும்ப நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் எடிட்டர் திறந்தபடியே காத்திருக்கும்.

வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய வரி வேலை செய்யவில்லையா? மேற்கோள் குறிகளைப் பாருங்கள். பக்கங்களில் அழகுக்காக வளைந்த மேற்கோள் போட்டிருப்பார்கள். நிரலுக்கு நேரான மேற்கோள்தான் தெரியும். அழித்து நீங்களே தட்டிவிடுங்கள். விம்மில் ஒட்டும்போது வரிகள் படிக்கட்டு மாதிரி வலதுபக்கம் நகர்ந்துகொண்டே போனால், ஒட்டும் முன் முக்காற்புள்ளியோடு 'செட் பேஸ்ட்' கொடுங்கள். யாம்ல் வகைக் கோப்புகளில் உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். நானோவைப் பெரிய '-இ' சேர்த்துத் திறந்தால் டேப் தானாக ஸ்பேஸாக மாறும். விண்டோஸில் திருத்தி ஏற்றிய கோப்பு என்றால் வரி முடிவுகள் வேறாக இருக்கும்; 'டாஸ்2யூனிக்ஸ்' சரிசெய்துவிடும்.

சேமிக்கவே மாட்டேன் என்கிறது, சூடோவும் போட்டாகிவிட்டது என்றால் 'டிஎஃப் -ஹெச்' கொடுத்து டிஸ்க் நிறைந்திருக்கிறதா பாருங்கள். நிறைந்த டிஸ்க்கில் பிடிவாதமாகச் சேமித்தால் இருந்த கோப்பும் காலியாகிவிடும் ஆபத்து உண்டு. இடம் இருக்கிறது, ஆனாலும் எழுதவில்லை என்றால் 'எல்எஸ்ஏடிடிஆர்' கொடுத்துப் பாருங்கள். 'ஐ' என்ற எழுத்து தெரிந்தால் யாரோ அந்தக் கோப்பை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். பூட்டைத் திறப்பது ஒரே கட்டளைதான், ஆனால் எதற்காகப் பூட்டினார்கள் என்று கேட்காமல் திறக்காதீர்கள்.

எதுவுமே சரிவராமல் தளம் நின்றுவிட்டால், அங்கேயே நின்று திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். நகலை 'சிபி -பி' கொடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள், சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள், தேறினால் ரீலோட். நிரல் நின்றே போயிருந்தால் ஸ்டார்ட். தளம் ஓட ஆரம்பித்த பிறகு, திருத்திய கோப்பை வேறு இடத்தில் வைத்து நிதானமாக ஆராயலாம். அதற்காகவே, பழையதைத் திரும்ப வைக்கும் முன் திருத்தியதையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

நிரலைத் தனிப் பெட்டிக்குள் வைத்ததுபோல ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் நுழைந்தால் பெரும்பாலும் நானோவும் இருக்காது, விஐயும் இருக்காது. அங்கே எடிட்டரை நிறுவப் பார்க்காதீர்கள். கன்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கியதும் உள்ளே செய்த திருத்தம் எல்லாம் போய்விடும். கான்ஃபிக்கை வெளியே சர்வரில் வைத்து, கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து, வெளியே இருப்பதைத் திருத்துங்கள். அன்சிபிள் போன்ற கருவி சர்வரை நிர்வகிக்கும் இடத்திலும் இதே கதைதான்: நீங்கள் கையால் மாற்றியதை அடுத்த ஓட்டத்தில் அது பழையபடி எழுதிவிடும், ஆகவே அதன் டெம்ப்ளேட்டில்தான் அந்த வரியை மாற்ற வேண்டும்.